வெப்பம் கூடுவது இயற்கையாலா, மனிதராலா?

பூமியின் தட்பவெப்பம் என்றும் ஒரே நிலையில் இருந்ததில்லை. அவ்வாறிருக்க, இப்போது மட்டும் மனிதனைக் குறை கூறுவானேன் என்று கேட்போர் உண்டு. இக்கேள்வியின் முற்பகுதி முற்றும் உண்மை. அதற்குரிய சான்று நம் பேராக் மாநிலத்திலேயே கிடக்கிறது.

ஈப்போவிலிருந்து வடக்கே, கோலகங்சாரைக் கடந்து சென்றால் லெங்கோங் பள்ளத்தாக்கை அடையலாம். அங்குள்ள கோத்தா தம்பானில், கற்கால மக்கள் கல்லாயுதம் செய்த பட்டறையொன்றை ஆராய்ச்சியாளர்கள் அகழ்ந்தெடுத்துள்ளனர். அவ்விடத்தில் படிந்துள்ள எரிமலைச் சாம்பல், ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவில் இன்று தோபா ஏரி இருக்குமிடத்தில் வெடித்த பெரும் எரிமலையிலிருந்து வந்ததாகும். அதே சாம்பல் இந்தியாவிலும் படிந்திருக்கிறது. அத்தகைய வெடிப்பு விண்ணில் எறியும் கந்தகத் துகள்கள் கதிரவன் ஒளியை மறைத்துப் பூமியைக் குளிரச் செய்யும். 1991-ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸின் பினாத்துபோ எரிமலை வெடித்தபோது, உலக வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரி குறைந்தது. ஓரிரு ஆண்டுகளில் அத்துகள்கள் படிந்துவிட, வெப்பம் மீண்டது.

இனிப் பனியுகத்தைக் காண்போம். 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நாம் இன்று மீன்பிடிக்கும் மலாக்கா நீரிணை அன்று நிலம். பேராக்கிலிருந்து சுமத்திராவுக்குக் கால்நடையாகவே செல்லக்கூடிய காலம் அது. பூமி கதிரவனைச் சுற்றும் பாதையிலும், அதன் சாய்விலும் நிகழும் சிறு மாற்றங்களே அதற்கு அடிப்படை. எனினும் அம்மாற்றங்கள் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல நிகழ்பவை. இன்றைய வெப்ப உயர்வோ, ஒரு பாட்டன் பேரன் காலத்திற்குள் நிகழ்ந்தது.

அப்படியாயின் கதிரவனே சூடேறியிருக்கலாம் அல்லவா? அதையும் அளந்து பார்த்துவிட்டார்கள். 1978 முதல் செயற்கைக் கோள்கள் கதிரவன் ஒளியை அளந்து வருகின்றன. ஏறக்குறைய பதினோராண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்குவதன்றி, அது தொடர்ந்து கூடியதாகக் காணோம். வேறொரு சான்றும் உண்டு. கதிரவனே காரணமானால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேறவேண்டும். ஆனால் கீழடுக்கு சூடாகிறது, மேலடுக்கு குளிர்கிறது. கம்பளி போர்த்தியவனின் உடற்சூடு உள்ளேயே தங்குவதை ஒத்தது இது.

அக்கம்பளி கரியமில வாயுவே. தொழிற்சாலைகள் பெருகுமுன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. எரிமலைகளும் அதை வெளியிடுகின்றன. ஆயினும் மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்கு அளவுகூட அது இராது. நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்தவை. அவற்றில் கதிரியக்கக் கரி அறவே அற்றுவிட்டது. அவற்றை எரிக்க எரிக்கக் காற்றிலும் அதன் விகிதம் குறையவேண்டுமல்லவா? 1955-இல் ஹான்ஸ் சூயஸ் என்னும் அறிஞர், மரக்கட்டைகளில் அக்குறைவை அளந்து காட்டினார். புகை தான் வந்த அடுப்பைத் தானே காட்டிக்கொடுத்தது எனலாம்.

ஈப்போவைச் சூழ்ந்துள்ள சுண்ணாம்புக் குன்றுகளும் இக்கணக்கில் சேர்ந்தவையே. அவை பண்டைக் கடலடியில் படிந்த சுண்ணாம்பு. கரியமில வாயு அங்கே கல்லாகி உறங்குகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவை முற்றும் சுட்டால் 44 கிலோ வாயு வெளியேறும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு சுடும் சூளையிலும், சிமெண்டு ஆலையிலும் நிகழ்வது இதுவே. ஆயினும் நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றோடு ஒப்பிட இது சிறு பங்குதான்.

முன்பெல்லாம் தோட்டம் குளிர்ச்சியாக இருந்தது என்று முதியோர் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அதை அப்படியே உலக வெப்பத்தின் கணக்கில் எழுதிவிடுவது சரியன்று. ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டு, அவ்விடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தார்ச்சாலைகளும் வந்தபின், நிழல் போன இடத்தில் வெப்பம் ஏறத்தான் செய்யும். அது அவ்வூரின் வெப்பம். உலகம் முழுவதும் ஒரு டிகிரிக்கு மேல் ஏறியிருப்பது வேறு கணக்கு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன.

இன்னும் பால்மரம் சீவுவோருக்கு இது ஏட்டுச் செய்தியன்று. விடியுமுன் மரத்தில் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு ஒழுகும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் ஓட்டம் தளரும். காலையில் மழை பெய்து பட்டை நனைந்தாலோ அன்றைய சீவலே இல்லை. வெப்பமான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்குவதால் பெருமழைகள் வலுக்கின்றன. வெயிலும் மழையும் சேர்ந்து நெருக்குவது அந்தச் சில மணி நேரத்தைத்தான்.