கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவா?

கேள்வி: திருச்சபையிடம் செல்வம் சேர்வதே தவறா? கணக்குக் கேட்டால் விசுவாசம் இல்லை என்கிறார்களே?

பதில்: செல்வம் சேர்வது குற்றமல்ல, பள்ளியும் மருத்துவமனையும் காசில்லாமல் நடக்காது. கணக்கை மறைப்பதுதான் குற்றம். ஜெர்மனியின் லிம்பர்க் மறைமாவட்டத்தைப் பாருங்கள். ஆயர் டெபார்ட்ஸ்-வான் எல்ஸ்ட் கட்டிய இல்ல வளாகத்துக்கு முதலில் சொன்ன மதிப்பீடு 55 லட்சம் யூரோ. முடிவில் ஆன செலவு சுமார் 3 கோடியே 10 லட்சம். குளியல் தொட்டிக்கு மட்டும் 15,000 யூரோ. செலவைக் கண்காணிக்க ஒரு குழு இருந்தும் தடுக்கவில்லை. 2014 மார்ச்சில் போப் பிரான்சிஸ் ஆயரின் ராஜினாமாவை ஏற்றார்.

ஒருவர் செய்ததற்கு அமைப்பைக் குறை சொல்லலாமா என்பார்கள். தட்டிக்கேட்க ஆளில்லாத இடத்தில் நல்லவரும் சறுக்குவார். ஆகவே பொறுப்பு அமைப்புக்கும் உண்டு. வெளியே சொன்னால் சபைக்கு அவப்பெயர் என்பது அடுத்த வாதம். அவப்பெயரைத் தேடித் தந்தது மறைப்புதான். அந்த விவகாரத்துக்குப் பின் பல ஜெர்மன் மறைமாவட்டங்கள் சொத்து விவரங்களை வெளியிட்டன. கொலோன் உயர்மறைமாவட்டம் 2015இல் சுமார் 335 கோடி யூரோ என்று அறிவித்தது. அதனால் அந்தச் சபை இடிந்துவிடவில்லை. காணிக்கை போடுகிற கை கணக்கும் கேட்கட்டும். அது விசுவாசியின் கடமை.