ஐப்பசி மழையில் ஆமை ஓடு

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டது. கோவளம் முதல் கல்பாக்கம் வரை சுவரெல்லாம் ஓதம். வீட்டில் சுல்காட்டா ஆமைக்குஞ்சு வளர்ப்பவர்கள் இந்த வாரமே சில மாற்றங்கள் செய்துவிடுங்கள்.

முதல் வேலை, ஏசி அறையிலிருந்து குஞ்சை வெளியே கொண்டுவருவது. கடலோரக் காற்று சும்மா தரும் ஈரத்தை ஏசி உறிஞ்சிவிடுகிறது. ஓட்டுத் தகடுகள் கூம்பு கூம்பாக எழும்புவதற்கு இந்த வறட்சிதான் முக்கியக் காரணம். புரதம் கூடினால்தான் அப்படி ஆகும் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2003இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வு இதே இனத்துக் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தது: உலர்ந்த காற்றில் மேடு உயர்ந்தது, ஈரக்காற்றில் ஓடு சமமாக வந்தது, புரதத்தின் பங்கு சிறியதே. சகாரா ஓரத்து ஆமைக்கு ஈரம் எதற்கு? அங்கும் குஞ்சுகள் வெயிலுக்கு ஒதுங்குவது வளைக்குள். வளைக்குள் காற்று ஈரமானது.

காற்றில் ஈரம் வேண்டும், படுக்கையில் சொதசொதப்பு கூடாது. தென்னை நார்த்தூளை நாலு விரற்கடை பரப்பி, அடிப்பகுதி மட்டும் நனையும்படி ஓரத்தில் நீர் விடுங்கள். மேல் தூள் காய்ந்தே இருக்கட்டும். தினமும் குஞ்சைத் திருப்பி அடி ஓட்டைப் பாருங்கள். பள்ளம், மென்மை, கெட்ட வாடை என்றால் ஓடு அழுகத் தொடங்கிவிட்டது. மூக்கில் நீர்க்குமிழி தெரிந்தால் நெஞ்சில் சளி. இரண்டுக்கும் கைவைத்தியம் வேண்டாம், கால்நடை மருத்துவர்தான். ஓட்டில் தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

மூடாப்பு நாளில் சூரியன் தரும் புற ஊதாக் கதிர் குறைகிறது. அது இல்லாமல் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது, ஓடு மெத்தென்று ஆகும். வெயில் எட்டிப்பார்க்கும் நேரமெல்லாம் முற்றத்தில் விடுங்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை. கொக்கிலமேடு மணலில் கிடைக்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி, உப்புப் போக ஊறவைத்து, காயவைத்துக் கொடுங்கள். தானே கொறிக்கும். தீனிக்கு அருகம்புல், செம்பருத்தி இலை. மழைக்குப் பின் வேலியோரம் தழைத்து நிற்கும். சோறும் பிஸ்கட்டும் வேண்டவே வேண்டாம்.

தகடுகளுக்கு நடுவே வெளிறிய நூல்போல ஒரு கோடு தெரிகிறதா? அதுதான் இந்த மாதத்து வளர்ச்சி. எழும்பிய பழைய மேடு இறங்காது. இந்தக் கோடு சமமாக வந்தால் போதும்.

இன்னொன்று. வடநெம்மேலி முதலைப் பண்ணையில் அல்டாப்ரா ராட்சத ஆமைகளைப் பார்த்திருப்பீர்கள். சுல்காட்டாவும் 50 கிலோவைத் தாண்டக்கூடியது. அயல்நாட்டு உயிரினங்களை வளர்ப்பதற்கான 2024 விதிகளின்படி, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்தாக வேண்டும். உங்களிடம் இருப்பது நம்மூர் நட்சத்திர ஆமை என்றால் வளர்ப்பதே குற்றம். காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.