விலை தெரியும், பணம் வந்த வழி தெரியாது

ஷனேல் நிறுவனத்தின் நடுத்தர அளவு 'கிளாசிக் ஃப்ளாப்' கைப்பை 2019-இல் அமெரிக்காவில் 6,000 டாலருக்குள் கிடைத்தது. 2024-இல் அதே பைக்கு 10,800 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. மாதச் சம்பளம் பெரும்பாலோருக்கு அந்த வேகத்தில் ஏறவில்லை. இருந்தும் நியூயார்க்கிலும் சியோலிலும் டோக்கியோவிலும் சாதாரண வேலையில் இருப்பவர்களின் தோளில் இந்த வகைப் பைகள் தொங்குகின்றன. 2022-இல் தென் கொரியர்கள் சொகுசுப் பொருள்களுக்குத் தலைக்குச் சராசரியாக 325 டாலர் செலவழித்தார்கள், உலகிலேயே அதுதான் அதிகம் என்று மார்கன் ஸ்டான்லி கணக்கிட்டது. எப்படிக் கட்டுப்படியாகிறது என்ற கேள்வி பார்க்கிற எல்லாருக்கும் எழுகிறது. கேட்டால் நாகரிகக் குறைவு என்று விழுங்கிவிடுகிறோம். இந்தச் சந்தையைத் தொடர்ந்து கவனித்து வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. இந்த மௌனத்தால் பணக்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கையில் காசில்லாமல் அதே பைக்கு ஆசைப்படுகிறவர்தான் அதற்கு விலை கொடுக்கிறார்.

ஏனென்றால் ஒரே பை பல வழிகளில் கைக்கு வருகிறது. ஒருவர் பெற்றோர் வீட்டில் இருப்பதால் வாடகை இல்லை. மிச்சமாகும் பணம் பையாகிறது. இன்னொருவர் பழைய பை இரண்டை விற்று இதை வாங்கியிருப்பார். வேறொருவருக்கு அது கல்யாண நாள் பரிசு. நான்காமவர் கிரெடிட் கார்டைத் தேய்த்திருப்பார். பார்க்கிறவருக்கு நான்கும் ஒன்றாகத்தான் தெரியும். நான்காமவரின் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் கார்டு வட்டி சில ஆண்டுகளாகவே 20 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது. 10,800 டாலரை 21 சதவீத வட்டியில் கடனாக வைத்து மாதம் 300 டாலர் கட்டினால், முதல் மாதத் தவணையில் 189 டாலர் வட்டிக்கே போய்விடும். கடன் அடைய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். கட்டி முடிக்கும்போது கொடுத்த மொத்தத் தொகை 17,000 டாலரைத் தாண்டியிருக்கும். "பத்தாயிரம் டாலர் பை" என்று அவர் சொல்வதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அதைக் கேட்டுத் தானும் வாங்கத் துணிகிறவருக்கு அந்த உண்மை போதாது.

"இது செலவே இல்லை, முதலீடு" என்பார்கள். ஹெர்மெஸ் நிறுவனத்தின் பர்கின் பை தங்கத்தையும் பங்குச் சந்தையையும் மிஞ்சிவிட்டது என்று 2016-இல் வந்த ஆய்வை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதை வெளியிட்ட பேக்ஹன்டர், இதே பைகளை வாங்கி விற்கிற நிறுவனம் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. பர்கின் பையைக் கடைக்குள் நுழைந்ததும் கேட்டு வாங்கிவிடவும் முடியாது. முதலில் செருப்பு, ஸ்கார்ஃப், நகை என்று மற்றவற்றை வாங்கிக் குவித்தவருக்கே அது காட்டப்படுகிறது என்பதுதான் 2024 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஹெர்மெஸ் மீது தொடுக்கப்பட்ட வழக்கின் சாரம். வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. ஆனாலும் பைக்காக அப்படிச் செலவழித்ததாகத் தாங்களே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவை லாபக் கணக்கில் சேர்க்கிறவர்களைக் காண்பது அரிது. நம் வீட்டு நகையைச் செய்கூலி, சேதாரம் கழித்து அன்றைய விலைக்கு எந்த ஊர்க் கடையிலும் மாற்றலாம். பைக்கு அப்படி அன்றைய விலை என்று எதுவும் இல்லை. விற்றுக் கொடுக்கும் நிறுவனம் எடுக்கும் கமிஷன், கைப்பிடியில் ஏறிய கறுப்பு, தேய்ந்த மூலை, உள்துணியில் ஒட்டிய லிப்ஸ்டிக் கறை என ஒவ்வொன்றும் விலையை இறக்கும். அந்தப் பைக்குப் பெயர் தந்த நடிகை ஜேன் பர்கினே வைத்திருந்த முதல் பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் ஏறத்தாழ 86 லட்சம் யூரோவுக்குப் போனது. அந்தத் தொகை அவருடைய கதைக்குக் கிடைத்தது. அலமாரியில் இருக்கும் நம் பைக்கு அது அளவுகோல் ஆகாது.

"என் பணம், என் பை, யாருக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டும்?" என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. ஆணின் கைக்கடிகாரத்தைப் பார்த்து யார் வாங்கிக் கொடுத்தது என்று எவரும் கேட்பதில்லை. பெண்ணின் பையைப் பார்த்தால் கணவன் பணமா, அப்பா பணமா என்று மனதுக்குள் விசாரணையே நடக்கிறது. அந்த விசாரணைக்கு எந்தப் பெண்ணும் பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் எல்லா மௌனமும் இப்படிப்பட்ட தற்காப்பு என்று சொல்லிவிட முடியாது. சமூகவியலாளர் ரேச்சல் ஷெர்மன் நியூயார்க்கின் வசதி படைத்தவர்களிடம் பேசி 2017-இல் 'அன்ஈஸி ஸ்ட்ரீட்' என்ற நூலை எழுதினார். அதில் ஒரு பெண், வீட்டில் வேலை செய்பவர் பார்த்துவிடக் கூடாதென்று புதிய பொருள்களின் விலைச்சீட்டைக் கிழித்துவிடுகிறார். ஆறு டாலர் ரொட்டிக்குக்கூட அதே கதி. சீட்டைக் கிழிப்பதால் கூலி ஏறிவிடாது; கூலிக்கும் விலைக்கும் உள்ள தூரம் மட்டும் கண்ணில் படாமல் போகிறது. இதை அடுத்தவர் மனம் நோகாமல் நடந்துகொள்வது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

விற்கிறவர்களுக்கும் இந்த மௌனம் வசதி. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற டியோர் பை ஒன்றைச் செய்து கொடுத்ததற்கு ஒப்பந்தப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ என்பது, 2024-இல் மிலான் நீதிமன்ற ஆவணங்கள் மூலமே வெளியே வந்தது. தோல் விலையும் வடிவமைப்பு, விளம்பரச் செலவுகளும் அதில் சேராது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவற்றைத் தாராளமாகவே கூட்டிக்கொண்டாலும் இடைவெளி பெரிது. விலையைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று வாங்குகிறவர்களே நம்பிக்கொண்டிருந்தால், இந்த இடைவெளியை யார் கேட்பார்கள்?

அதனால் நான் சொல்வது இதுதான். "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்காதீர்கள். அது எடைபோடும் கேள்வியாகத்தான் காதில் விழும், பதிலும் பயன்படாது. "புதுசா, ஏற்கெனவே ஒருத்தர் வைத்திருந்ததா? மொத்தமாகக் கொடுத்தீர்களா, தவணையா? அதோடு வேறு ஏதாவது வாங்க வேண்டியிருந்ததா?" என்று கேளுங்கள். பழைய பை என்று ஒப்புக்கொள்ள இங்கே பலர் கூசுகிறார்கள். ஜப்பானில் அந்தக் கூச்சம் குறைவு. நகோயாவில் 1947-இல் தொடங்கிய கோமெஹ்யோ போன்ற கடைகள் பழைய பொருளையே பெரும் வியாபாரமாக வளர்த்திருக்கின்றன. அங்கே A, AB, B என்று தரம் பிரித்து, கீறல் எங்கே, கறை எங்கே என்பதைச் சீட்டிலேயே எழுதி வைத்து விற்பார்கள். குறையைத் தெரிந்துகொண்டு கையிலிருக்கும் பணத்துக்குள் வாங்கிய பை, கடனில் வாங்கிய புதிய பையைவிட எனக்கு மரியாதையாகத் தெரிகிறது. நீங்கள் பை வைத்திருப்பவர் என்றால், விலையைச் சொல்ல விருப்பமில்லாவிட்டால் விடுங்கள். ஆனால் உங்களைவிடக் குறைந்த சம்பளக்காரர் ஒருவர் அதே பையை வாங்கும் யோசனையில் வந்து கேட்டால், அது பரிசா, வாடகை இல்லாத வீட்டில் மிச்சம் பிடித்ததா, இன்னும் எத்தனை மாதத் தவணை பாக்கி என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.