தூங்கும் கிருமிகள்

வயலில் கோரை மண்டிக் கிடக்கிறது. பெண்கள் இறங்கிக் களை பறிக்கிறார்கள். மாலைக்குள் வயல் சுத்தமாகிவிடுகிறது. சில நாள் கழித்துப் பார்த்தால் கோரை மறுபடியும் தலை காட்டுகிறது.

பறித்தது மேலே தெரிந்த புல்லை. மண்ணுக்குள் கிழங்கு கிடக்கிறது. ஈரம் வரும்வரை அது சும்மா கிடக்கும். ஈரம் பட்டதும் முளைக்கும்.

உழவர்களுக்கு இது தெரிந்த செய்தி. நோய்க் கிருமிகளிலும் இப்படிச் சில உண்டு. இது பலருக்குத் தெரியாது.

பாக்டீரியா மிகச் சிறிய உயிர். வெறும் கண்ணுக்குத் தெரியாது. எல்லா பாக்டீரியாவும் கெட்டவை அல்ல. பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான். ஆனால் சில வகைகள் நோய் தருகின்றன. காசநோய், டைபாய்டு, காலரா ஆகியவை இவற்றால் வரும் நோய்கள்.

உணவும் சூடும் கிடைத்தால் பாக்டீரியா பெருகும். ஒன்று இரண்டாகும். இரண்டு நான்காகும். குடலில் வாழும் ஒரு வகை, வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமி மெதுவானது. அது இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.

பத்து லட்சத்தில் ஒன்று

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துக்கு ஆன்டிபயாடிக் என்று பெயர். பெனிசிலின் அவற்றில் ஒன்று. 1928ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் அதைக் கண்டுபிடித்தார். 1940களில் அது மருந்தாக வந்தது. சீழ் பிடித்த புண்ணால் சாக இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

 அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஜோசப் பிக்கர் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். சீழ் பிடிக்க வைக்கும் கிருமிகளைக் குழாயில் வளர்த்தார். அதில் பெனிசிலினைச் சேர்த்தார். கிருமிகள் செத்தன. ஆனால் எல்லாம் சாகவில்லை. ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று தப்பியது.

தப்பியவை மருந்துக்கு அடங்காத முரட்டு இனமா? பிக்கர் அவற்றைத் தனியே எடுத்து வளர்த்தார். அவை பெருகின. மறுபடியும் பெனிசிலினைச் சேர்த்தார். முரட்டு இனமாக இருந்தால் எல்லாம் பிழைத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. முன்பு போலவே அநேகமாக எல்லாம் செத்தன. முன்பு போலவே சில தப்பின.

ஆகவே தப்பியது வேறு இனம் அல்ல. அதே கிருமிதான். மருந்து வந்த நேரத்தில் அது வளராமல் கிடந்தது. 1944இல் பிக்கர் இதை எழுதி வெளியிட்டார்.

வளராமல் கிடந்தால் மருந்து ஏன் கொல்வதில்லை? பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. வளரும்போது அது புதிதாகச் சுவர் கட்டும். பெனிசிலின் அந்த வேலையைக் கெடுக்கும். சுவர் உடைந்து கிருமி சாகும். கட்டட வேலை நடக்கும்போது கலவையைக் கெடுத்தால் சுவர் சரியும். வேலையே நடக்காத இடத்தில் கலவையைக் கெடுத்து என்ன பயன்?

காசநோயும் தூக்கமும்

காசநோய்க் கிருமியை 1882இல் ராபர்ட் கோக் கண்டுபிடித்தார். அதைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் 60 ஆண்டுகள் ஆயின. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1952இல் ஐசோநியாசிட் வந்தது.

1950களில் அமெரிக்காவில் எலிகளுக்குக் காசநோய் வரவைத்து, மூன்று மாதம் மருந்து கொடுத்தார்கள். பிறகு எலிகளின் உடலில் தேடினார்கள். உயிருள்ள கிருமி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மீதி எலிகளை மருந்து இல்லாமல் மூன்று மாதம் விட்டுவைத்தார்கள். பல எலிகளின் உடலில் கிருமி மறுபடியும் தென்பட்டது. தேடியபோது கிடைக்காதவை எங்கோ ஒளிந்து கிடந்திருக்கின்றன.

மனிதருக்கும் இப்படித்தான். நுரையீரலில் கிருமி நுழைந்தால் உடல் அதைச் சுற்றி வளைத்துச் சிறு கட்டியாக்குகிறது. கட்டிக்குள் காற்று குறைவு. கிருமி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு கிடக்கிறது. அதனால்தான் இந்த நோய்க்கு நீண்ட நாள் மருந்து வேண்டியிருக்கிறது.

முன்பு ஒரு வருடமும் அதற்கு மேலும் மருந்து தந்தார்கள். நோயாளி மருத்துவமனையில்தான் படுத்திருக்க வேண்டும் என்றும் நினைத்தார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இதைச் சோதித்தது. சிலர் மருத்துவமனையில் இருந்தார்கள். சிலர் வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானது தெரிந்தது. 1959இல் வந்த இந்த முடிவு உலகம் முழுவதும் சிகிச்சையை மாற்றியது. ஏழை நோயாளிக்கு இது பெரிய உதவி. வீட்டை விட்டு வருடக்கணக்கில் பிரிந்திருக்க வேண்டியதில்லை.

பின்னர் ரிஃபாம்பிசின் வந்தது. சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது. இப்போது முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். ஐசோநியாசிட் வேகமாக வளரும் கிருமியைக் கொல்லும். ரிஃபாம்பிசின் அவ்வப்போது விழிக்கும் கிருமியைப் பிடிக்கும். பைரசினமைடு என்ற மருந்து, மெல்ல வளரும் கிருமிகளை அழிக்கும். எத்தாம்பூட்டால் இவற்றுக்குத் துணை நிற்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விழித்திருக்கும் கிருமிகள் முதல் சில வாரங்களில் செத்துவிடும். இருமல் நிற்கும். பசி எடுக்கும். நோய் போய்விட்டது என்று தோன்றும்.

ஒரு கொத்தனாருக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டு மாதத்தில் உடம்பு தேறியது. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாரம் ஏறினார். மூன்று வாரம் கழித்து செவிலியர் வீடு தேடி வந்தார்.

“ஏன் அண்ணே, மாத்திரை வாங்க வரலை?”

“இருமல் நின்னுபோச்சு சிஸ்டர். சளியில கிருமி இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சளியில இல்லைன்னு சொன்னேன். நெஞ்சுக்குள்ள இல்லைன்னு சொல்லலையே.”

அவர் மனைவி கேட்டார்: “சிறுநீர் செவப்பாப் போகுது சிஸ்டர். அதைப் பார்த்துப் பயந்துட்டாரு.”

“அது மாத்திரையோட நிறம் அக்கா. ரத்தம் இல்லை. கண்ணு மஞ்சளானாலோ, வாந்தி நிக்காமப் போனாலோ அன்னைக்கே டாக்டர்கிட்ட வரணும்.”

“எல்லாம் சரி சிஸ்டர். அங்க வந்தா அரை நாள் கூலி போகுதே?” என்றார் கொத்தனார்.

செவிலியர் சற்று நேரம் பேசவில்லை. அவர் சொன்னது பொய் இல்லை.

“உங்க தெரு அங்கன்வாடியிலயே மாத்திரை கிடைக்க ஏற்பாடு செய்யறேன். ஆனா நாளைக்கு ஒருதரம் வந்து சளி கொடுங்க. பரிசோதனை பார்த்துட்டு டாக்டர் சொல்லுவார். நீங்களா மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.”

பரிசோதனை எதற்கு? விட்டுவிட்டு மருந்து சாப்பிட்டால் கிருமி விழித்துப் பெருகும். பெருகும்போது சிலவற்றில் மாற்றம் நேரும். அவை மருந்துக்கு அடங்காத இனமாகிவிடும். இது தூங்கும் கிருமி அல்ல. விழித்திருந்தே மருந்தைத் தாங்கும் கிருமி. அந்த நோய் அடுத்தவருக்குத் தொற்றினால், அவருக்கும் வழக்கமான மாத்திரை பலிக்காது.

உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் தரப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய் ஆனது.

ஆறு மாதக் கணக்கு காசநோய்க்கு மட்டும். எல்லா நோய்க்கும் இத்தனை நாள் மருந்து தேவையில்லை. நோய்க்குத் தக்கபடி நாள் மாறும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் காசுதான் வீண்.

தூங்கும் கிருமியைத் தூக்கத்திலேயே கொல்ல முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. அதை எழுப்பிவிட்டுக் கொல்லலாமா என்றும் பார்க்கிறார்கள். வேறு மருந்துகளைச் சேர்த்து நான்கு மாதத்தில் காசநோயைக் குணமாக்கலாம் என்று 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. மருந்துக்கு அடங்கும் காசநோய்க்கு நம் நாட்டு அரசுத் திட்டத்தில் வழக்கமாகத் தருவது ஆறு மாத மருந்துதான்.