மழையைப் போகச் சொல்லலாமா?

கேள்வி: என் மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். மழையைப் போகச் சொல்லும் ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் பள்ளியில் கற்றுக்கொண்டு வந்து வீடு முழுக்கப் பாடிக்கொண்டிருக்கிறாள். என் மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘வாசலுக்கு வருகிற லட்சுமியைப் பிள்ளை வாயாலேயே விரட்டுவதா?’ என்கிறார். மழையைத் தெய்வமாக நினைப்பது நம் வழக்கம் மட்டும்தானா? வெள்ளைக்காரர்களுக்கு மழை என்றாலே ஆகாதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: உங்கள் மாமியாரின் கோபம் நியாயமானது. மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு, ஐப்பசியில் மழை எப்படி என்று கணக்குப் பார்த்தே நாற்று விட்ட தலைமுறை வேறு எப்படிப் பேசும்? ஆனால், மழையைக் கும்பிடுகிறவர்கள், வெறுக்கிறவர்கள் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்துவிட முடியாது. மழை எந்த நேரத்தில் வருகிறது, அந்த நேரத்தில் அவரவருக்கு என்ன பிழைப்பு என்பதைப் பொறுத்தே அது வரமாகவோ தொல்லையாகவோ ஆகிறது.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழைதான், சென்னையில் ஏறக்குறைய 1,400 மி.மீ. நமக்குப் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அங்கே பன்னிரண்டு மாதமும் தூறிக்கொண்டிருக்கும். கோடையில் புல்லை அறுத்து வெயிலில் உலர்த்தி, குளிர்காலத்துக்கு மாட்டுத்தீவனமாகச் சேர்ப்பது அந்த ஊர் விவசாயியின் பெரிய வேலை. காய்கிற புல் நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்போது வருகிற மழையை அவர் எப்படி வரவேற்பார்? ஆனால், அவரும் வறட்சியைக் கண்டவர்தான். 1662-ல் வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டுப் புத்தகத்தில் மழை வேண்டி ஒரு ஜெபம் இருக்கிறது. அதற்கு அடுத்ததே, மழை நின்று வானம் வெளுக்க வேண்டி ஒரு ஜெபம்!

உங்கள் மாமியாருக்கு மனம் ஒத்துப்போகிற நாடு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. போட்ஸ்வானாவின் பெரும்பகுதி கலஹாரி பாலை. அங்கே 1976-ல் சொந்த நாணயம் கொண்டுவந்தபோது அதற்கு வைத்த பெயர் ‘புலா’, அதாவது மழை. அந்த நாட்டு இலச்சினையில் பொறித்திருப்பதும் அதே சொல்தான். பொதுக்கூட்டத்தில் தலைவர் பேசி முடித்ததும் மக்கள் ‘புலா’ என்று முழங்குவார்கள், வாழ்த்தும் அதுவே. மேய்ச்சலை நம்பிய நாட்டில் மழை இல்லையென்றால் புல் இல்லை, புல் இல்லையென்றால் மாடு இல்லை.

மேகாலயாவின் காசி மக்களுக்கு மழை இன்னொரு விதம். மௌசின்ராமில் ஆண்டுக்குச் சுமார் 11,800 மி.மீ. பெய்கிறது. அங்கே வயலில் வேலை செய்கிறவர்கள் ‘க்னுப்’ என்ற கூடையை அணிவார்கள். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, நடுவில் இலைகளை அடுக்கிச் செய்தது. தலையில் மாட்டினால் முதுகை மூடி இடுப்புக்குக் கீழே வரை இறங்கும். குனிந்தால் முதுகுக்கு அதுவே கூரை. இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். குடை பிடித்தால் ஒரு கை போய்விடுமே! மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் அங்கே பிழைப்பு நடக்காது. இத்தனை பெய்தும், பக்கத்துச் சிரபுஞ்சியில் குளிர்காலம் வந்தால் குடிநீருக்குத் திண்டாட்டம். சரிவான மலையில் விழுந்த தண்ணீர் நிற்காமல் வங்கதேசச் சமவெளிக்கு ஓடிவிடுகிறது.

நம் ஊரிலும் எல்லாருக்கும் மழை ஒன்றுபோல் இல்லை. வானம் பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுத்து, ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் கொளுத்துவது நம் கிராமங்களின் வழக்கம். பள்ளிவாசல்களில் மழை வேண்டிச் சிறப்புத் தொழுகை நடக்கிறது. ஆனால் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்கு ஐப்பசி பிறந்தால் வேலை போய்விடும். பாத்தி நிறைந்தால் உப்பு ஏது? உங்கள் டெல்டாவிலேயே, 2021 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது. நாற்றங்காலுக்கு மழை கேட்ட அதே விவசாயி, தையில் ‘இப்போது வேண்டாம்’ என்று கும்பிட்டார். அதை யாரும் பாவம் என்று சொல்லவில்லை.

எனவே, மகள் அந்தப் பாட்டைப் பாடட்டும், தடுக்காதீர்கள். கூடவே, மழையை அழைக்கும் பாட்டு ஒன்றை மாமியாரிடமே கேட்டு அவளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அதை ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். ஊர் ஊராக இருந்த மழைப் பாட்டுகளில் பல, பாடியவர்களோடே போய்விட்டன.