குட்டிக்குக் கொழுப்பு எங்கிருந்து வரவேண்டும்?

சந்தைக்குப் போகும் முன் கடைசி இரண்டு மாதம் ஆட்டுக்கு நன்றாகத் தீவனம் வைத்தால் கறி நன்றாக இருக்கும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். வங்கி வேலையை விட்டு மல்லாங்கிணற்றில் ஆடு வளர்க்க வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். கறியின் தரம் கடைசியில் அல்ல, குட்டிப் பருவத்தில்தான் பெரும்பாலும் முடிவாகிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். படித்த வேகத்தில் ஒரு தவறும் செய்தேன். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கறிக்குள் கொழுப்பு சேரும் வரிசை

கறி மெத்தென்றும் ருசியாகவும் இருப்பதற்குச் சதைக்குள் இழையோடும் கொழுப்பும் ஒரு காரணம். ஜப்பானின் வாக்யு மாட்டிறைச்சி உலகப் பெயர் வாங்கியது இதனால்தான். மாடுகளில் இந்தக் கொழுப்புக்கான செல்கள், தாய் வயிற்றில் இருக்கும் காலத்தில் தொடங்கிப் பிறந்த எட்டு மாதம் வரைதான் அதிகமாக உருவாகின்றன. அதன் பிறகு கொடுக்கும் தீவனம் பெரும்பாலும் இருக்கிற செல்களை நிரப்பத்தான் செய்யும். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், கணக்கு தொடங்குவது சின்ன வயதில். பணம் போடுவது பிறகு. மேலைநாடுகளில் கன்றுகளுக்குச் சீக்கிரமே கொழுப்புச் சத்தான தீவனம் கொடுத்துப் பார்ப்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

ஆனால் நம்மிடம் இருப்பது கன்னி ஆடும், வேம்பூர்ப் பொட்டு ஆடும். பொதுவாக, கொழுப்பு முதலில் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றிச் சேரும். பிறகு தோலுக்கடியில். சதைக்குள் சேர்வது கடைசியில். அதிலும் வெள்ளாடு கொழுப்பை வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிற சாதி. வளர்ந்த கிடாவுக்கு எண்ணெய்ச் சத்தை அள்ளிக் கொட்டினால் அது குடல் கொழுப்பாகத்தான் போகும். கறி விலைக்கு அதை யார் வாங்குவார்?

நான் செய்த தவறு

நம்ம ஊர் கரிசலில் பருத்திக்கொட்டைக்குப் பஞ்சமில்லை. அதில் நூற்றுக்குப் பதினெட்டு, இருபது பங்கு எண்ணெய். கறவை மாட்டுக்கு ஊறவைத்து ஆட்டி ஊற்றுவது நம் வழக்கம். மதுரைப் பக்கம் பருத்திப்பால் காய்ச்சி நாமே குடிக்கிறோம். அப்படியிருக்க, குட்டிக்குக் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். மூன்று வாரக் குட்டிகளுக்குப் பச்சையாக ஆட்டிய பருத்திக்கொட்டையைத் தவிட்டில் பிசைந்து வைத்தேன். ஆசையாகத் தின்றன. பக்கத்தில் கிடை போட்டிருந்த கீதாரி பார்த்துவிட்டு, "சார், பெரிய உருப்படிக்கு வைங்க. பால்குட்டிக்கு இது வேணாம் சார்" என்றார். நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு குட்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. மறுநாள் காலை கிடந்தது. அதே வாரம் இன்னொன்று. பார்த்த கால்நடை மருத்துவர் என்ன தீவனம் வைத்தேன் என்று கேட்டுவிட்டு, "கோசிபால்" என்றார்.

பருத்திக்கொட்டையில் இருக்கும் நச்சுப்பொருள் அது. வளர்ந்த ஆடு மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்களால் அதன் வீரியம் பெரும்பாலும் அடங்கிவிடும். குட்டிக்கு அந்த இரைப்பையே இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. நச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து இதயத்தையும் ஈரலையும் கெடுக்கிறது. அதனால்தான் உடனே தெரிவதில்லை. கீதாரிக்கு கோசிபால் என்ற பெயர் தெரியாது. விஷயம் தெரிந்திருந்தது.

குட்டியின் வயிறு வேறு

பிறந்த குட்டி குடிக்கும் பால் முதல் இரைப்பைக்குள் போகாமல், ஒரு மடிப்பு வழியாக நேரே நான்காவது இரைப்பைக்குப் போகிறது. பாலில் உள்ள கொழுப்பு கெடாமல் சேர்கிறது. தழை கடிக்கக் கடிக்க முதல் இரைப்பை வளர்ந்து, சுமார் எட்டு வாரத்தில் வேலைக்கு வருகிறது. அதன் பிறகு தீவனத்தில் கொழுப்பு நூற்றுக்கு ஆறு, ஏழுக்கு மேல் போனால் நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். புல்லைத் தின்னும், சத்து ஒட்டாது.

ஆக, குட்டிக்கு முதல் கொழுப்புத் தீவனம் தாய்ப்பால்தான். வெள்ளாட்டுப் பாலில் நாலு பங்கு, செம்மறிப் பாலில் ஆறு, ஏழு பங்கு கொழுப்பு இருக்கிறது. எந்தக் கடையிலும் இதைவிட நல்லது கிடைக்காது.

இப்போது நான் செய்வது

1. தாயிடம் தொடங்குகிறேன். சினைக்காலம் ஐந்து மாதம். குட்டியின் எடையில் பெரும்பங்கு கடைசி ஆறு வாரத்தில் கூடுகிறது. அந்த நாட்களில் தாய்க்கு மேய்ச்சலோடு தினம் 200 கிராம் அடர்தீவனம், கொஞ்சம் அகத்தி, வேலிமசால். நல்ல எடையில் பிறந்தால் குட்டி தப்பிக்கும். தாய்க்கும் பால் ஊறும்.

2. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். கன்னி ஆடு இரட்டைக்குட்டி போடும். நோஞ்சான் குட்டியைக் கையில் பிடித்து ஊட்ட வேண்டும். குட்டி குடித்து மிஞ்சாத பாலை நமக்கென்று கறக்கக் கூடாது.

3. மூன்றாவது வாரத்திலிருந்து, தாய் நுழைய முடியாமல் குட்டி மட்டும் நுழையும் தடுப்புக்குள் குட்டித் தீவனம். நூறு கிலோவுக்கு: உடைத்த கம்பு அல்லது மக்காச்சோளம் 40, செக்குக் கடலைப் பிண்ணாக்கு 30, பயறு, உளுந்துப் பொட்டு 17, அரிசித் தவிடு 10, தாதுஉப்பு 2, உப்பு 1. செக்குப் பிண்ணாக்கிலும் தவிட்டிலும் உள்ள எண்ணெயைக் கணக்கிட்டால் கொழுப்பு ஐந்து பங்கு அளவில் நிற்கிறது. தனியாக எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

4. ஒரு கைப்பிடியில் தொடங்கி மெதுவாகக் கூட்டுகிறேன். திடீரென்று செழிப்பான தீவனம் தின்றால் துள்ளுமாரி வரும். நன்றாக இருக்கும் குட்டிதான் முதலில் சாகும். தடுப்பூசியையும் தவறவிடுவதில்லை.

5. பருத்திக்கொட்டை, பருத்திப் பிண்ணாக்கு இரண்டும் வளர்ந்த உருப்படிக்கு மட்டும். அதுவும் அளவோடு.

கணக்கு என்ன சொல்கிறது?

மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை எழுபது நாள். சராசரி தினம் 100 கிராம் என்றால் ஒரு குட்டிக்கு 7 கிலோ. வளர்ந்த கிடாவுக்குக் கடைசி இரண்டு மாதம் தினம் 300 கிராம் வைத்தால் 18 கிலோ. அதில் ஒரு பங்கு குடல் கொழுப்பாகப் போகும். ஏழு கிலோ சதையாகவும் எலும்பாகவும் நிற்கும். குட்டி முந்தி எடைக்கு வருவதால் இளசாகவே விற்க முடிகிறது. நம் ஜனங்கள் கேட்பதும் இளங்கறிதானே.

கடைசியாக ஒன்று. திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கோ, எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கோ கொண்டுபோகும்போது நெரித்து ஏற்றி, தண்ணீர் காட்டாமல், மிரள விட்டு அலைக்கழிக்காதீர்கள். களைத்து மிரண்ட ஆட்டின் சதையில் இருக்கும் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோய், கறி கறுத்து விறைக்கும். ஒரு வருட உழைப்பு ஒரு நாளில் கெட்டுப்போகும்.

அந்த இரண்டு குட்டிகளின் பெயரில் என் கணக்கு நோட்டில் இன்னமும் ஒரு பக்கம் இருக்கிறது. செலவுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: "கேட்காததற்கு." உங்கள் ஊரிலும் ஒரு கீதாரி இருப்பார். புதுசாக எதையும் குட்டிக்கு வைக்கும் முன் அவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.