கத்திக்குக் காகிதப் பரீட்சை

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவிலே வெட்டுக்கத்தி வாங்குகிறவர், அதன் வாயை முன்கை மயிரின்மீது ஓட்டியோ பழைய பத்திரிகைத் தாளை அறுத்தோ பார்த்துவிட்டு, "நல்ல உருக்கு" என்று தீர்ப்புக் கூறிவிடுவது சகஜம். நானும் அந்த நம்பிக்கையை நெடுங்காலம் சிரமேற்கொண்டு ஒழுகியவனே. ஆயினும், தாளை அறுப்பது அன்று காலையில் சாணை பிடித்தவருடைய கைத்திறமேயன்றி உருக்கின் குணமன்று. மட்டமான தகட்டையும் ஒரு நாழிகைக்கு மயிர் சிரைக்கும்படி தீட்டிவிடலாம்.

மெய்யான பரீட்சை இவ்வூர்த் தோட்டங்களிலேயே இருக்கிறது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரவச்செய்த மரச்சீனி என்னும் மரவள்ளியை நடுவதற்கு, அதன் தண்டை 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டுகளாக நறுக்குவார்கள். அடிவெட்டு சாய்வின்றி வட்டமாக அமைந்தால்தான் வேர் சுற்றிலும் சீராக இறங்கும். மொண்ணைக் கத்தியோ பட்டையை நசுக்கித் தண்டைப் பிளந்துவிடும். புதுக்கத்தியால் முதலில் இத்தண்டை நறுக்கி, பிறகு வேலிக்கு மூங்கில் முளைகள் பத்துப் பதினைந்து சீவி, மறுபடியும் தண்டுக்கே திரும்பிப் பாருங்கள். மூங்கிலின் புறத்தோலில் மணற்சத்து உண்டாகையால் அது எந்த வாயையும் தேய்க்கும். அதன் பின்னும் வெட்டுமுகம் வழவழப்பாக இருக்குமாயின் அக்கத்தி வாங்கத்தக்கது. இல்லையேல் வாயை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: மடங்கியிருந்தால் உருக்கு மென்மை, பல்லுப்பல்லாகப் பெயர்ந்திருந்தால் கடினம் மிகுதி. (மூங்கிலை நாரின் போக்கறிந்து சாய்த்து வெட்டாமல் குறுக்கே ஓங்கி அடித்துவிட்டுக் கத்தியைப் பழிப்பவர்களுக்கு இப்பரீட்சையால் பயனில்லை.)

மழுங்கிய கத்தியைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் உரமேறும் என்பது பாதி உண்மை. தோய்த்த மாத்திரத்தில் உருக்கு கண்ணாடிபோல் கடினமாகி, அவ்வாறே நொறுங்கவும் தயாராகிவிடுகிறது. ஆதலின் கொல்லர் அதை மீண்டும் இளஞ்சூட்டில் வைத்து, சுமார் 230 பாகை அளவில் வைக்கோல் நிறம் தோன்றும்போது பதம் பார்த்து எடுக்கிறார். மின்சாரச் சாணையில் நீரின்றித் தீட்டி வாய் நீலம்பாரித்துவிட்டால், சூடு 300 பாகையை எட்டி அப்பதம் அழிந்தது என்று அர்த்தம்.

கூரிய கத்தி ஆபத்தானது, மழுங்கியதே வீட்டுக்கு உகந்தது என்பாரும் உளர். மழுங்கிய வாய் மரத்தில் பற்றாமையால் நாம் மிகுந்த விசையோடு அழுத்துகிறோம். அது வழுக்கும்போது அவ்விசை முழுவதும் விரலுக்கு வந்துசேர்கிறது. என் இடது பெருவிரலில் இருக்கும் ஒரே தழும்பு, காகிதத்தைக்கூட அறுக்கமாட்டாத ஒரு கத்தி இட்டது.